ஹிமேஜிப் பிரபுக்களும் தாராவித் தோல்குழியும்

வரலாறு படித்தவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் அவனுக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். கூட இருப்பவர்களுக்குத்தான் அதைவிடக் கஷ்டம். அறுபதுகளில் பி.ஏ. பாஸ் செய்துவிட்டுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, லாத்தா வீட்டில் (எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா என்றால் லாத்தா) மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, அக்பரைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். ஒருவரும் கேட்கவில்லை.

லாத்தாவின் கணவர் சேக் மைதீன் மச்சான் தாராவியில் தோல்ஷாப்பு வைத்திருந்தார். ஆட்டுத்தோலைக் குழியில் ஊறப்போட்டுப் பதனிடும் இடம். என் டெரிலின் சட்டை வரைக்கும் அந்தக் குழியிலிருந்து வந்ததுதான். ஆனாலும் யாராவது எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால் "மாட்டுங்கா" என்பேன். (முழு விலாசம்: மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி. பின்பாதி வரும்போது எனக்கு எப்படியோ இருமல் வந்துவிடும்.)

ஒருநாள் மச்சான் பரபரப்பாக வந்தார். ஜப்பானிலிருந்து ஒரு தோல் வியாபாரி வருகிறார், பிடித்திருந்தால் நம்மிடம் நேரடியாகவே வாங்குவார் என்றார். தரகர்கள் மச்சானைப் பிழிந்துகொண்டிருந்த காலம் அது. இந்த ஆர்டர் வராவிட்டால் பாதி ஆட்களை நிறுத்த வேண்டியதுதான் என்று லாத்தாவிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது.

"மாப்ளே, நீ இங்கிலீசுல வாங்க, உக்காருங்கன்னு மட்டும் சொல்லு. தோலப் பத்தி நானும் பொன்னையாவும் பாத்துக்கிடுதோம்" என்றார். பொன்னையா அண்ணன் ஷாப்பின் மேஸ்திரி.

அவர் சொன்ன 'மட்டும்' என் காதில் ஏறவே இல்லை. வருகிறவருக்கு ஊர் ஹிமேஜி என்று தெரிந்ததும் பம்பாய் ஃபோர்ட் பக்கம் ஒரு லைப்ரரிக்கு ஓடினேன். தடித்த புத்தகம் ஒன்று அகப்பட்டது. அடடா, ஹிமேஜி! மலைமேல் கொக்கு உட்கார்ந்தது போல வெள்ளைக் கோட்டை. அதைக் கட்டியது இக்கேதா வம்சம். கட்டிய பிரபு, ஜப்பானையே ஆண்ட ஷோகனுக்கு மருமகன். (மாமனார் தயவில் முன்னுக்கு வந்தவரைப் படித்ததும் எனக்கு ஒரு நெருக்கம் ஏற்பட்டது. நான் மச்சான் தயவில் இருந்தேன்.) பிறகு ஹோண்டா வம்சம், மட்சுதைரா வம்சம், சகாக்கிபாரா வம்சம் என்று நம் ஊர் தாசில்தார்களைப் போல மாறி மாறி வந்திருக்கிறார்கள். சகாக்கிபாரா பிரபு ஒருவர் பணத்தைக் கொட்டி ஒரு தாசியை மீட்டு அழைத்து வந்ததால், பனி கொட்டும் ஊருக்கு மாற்றல் வாங்கினார். கடைசியாக வந்த சக்காய் வம்சம் மட்டும் நாற்காலியை விடவில்லை. எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டேன். கோட்டை ஊர்க்காரர் என்றால் சாமுராய் பரம்பரையாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அப்படிப்பட்ட பரம்பரைக்கு எங்கள் குழிகளைக் காட்டலாமா? லாத்தாவின் பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டிக் குழிகளை மறைத்தேன். சாம்பிராணி போட்டேன். (சாம்பிராணியும் தோலும் சேர்ந்தால் வரும் வாசனைக்கு எந்த மொழியிலும் பெயர் இல்லை.) பொன்னையா அண்ணனிடம், "வெள்ளைச் சட்டை இல்லாதவங்க யாரும் திரைக்கு முன்னால வரவேண்டாம்" என்றேன். அவர் தன் உடம்பைப் பார்த்தார். அதில் சட்டையே இல்லை.

ஜப்பான் வியாபாரி கிதாமுரா டாக்சியில் வந்து இறங்கினார். குள்ளமான, நிதானமான மனிதர். என்னுடையதைவிடக் குறைந்த ஆங்கிலம். உட்கார வைத்துவிட்டு ஆரம்பித்தேன். இக்கேதா, ஹோண்டா, மட்சுதைரா... மச்சான் இரண்டு முறை செருமினார். நான் தாசி விவகாரத்தையும் விடவில்லை. கிதாமுரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமிதத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று எண்ணி, கடைசி அம்பை விட்டேன்.

"தங்கள் முன்னோர்கள் எந்தப் பிரபுவிடம் வாள் பிடித்தார்கள்?"

"வாள் இல்லை" என்றார் அவர். "தாத்தா, தோல். தாத்தாவின் தாத்தா, தோல். கோட்டைக்குச் சேணம் வேண்டும், எங்கள் தோல் வேண்டும். நாங்கள் வேண்டாம். வீட்டுக்குள் விடமாட்டார்கள்."

வாயை மூடியிருக்க வேண்டிய இடம் அது. நானோ அவர் பக்கம் குனிந்து ஆறுதலாகச் சொன்னேன்: "கவலைப்படாதீர்கள். இங்கே யாரிடமும் சொல்லமாட்டேன்."

அவர் எழுந்து போய் லாத்தாவின் பெட்ஷீட்டை ஒரே இழுப்பாக இழுத்தார். குழிகள், தோல்கள், சட்டையில்லாத பொன்னையா அண்ணன் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. நான் முன்னால் பாய்ந்து, அருங்காட்சியக வழிகாட்டி மாதிரி அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டு, "அங்கே அழுக்கு, வேண்டாம்... ஆனால் சக்காய் வம்சம் என்று பார்த்தால்..." என்று சொல்லும்போதே காலுக்குக் கீழே பம்பாய் இல்லை.

தோல் ஊறும் மரப்பட்டைத் தண்ணீர், இடுப்பளவு. சக்காய் வம்சம் அதோடு முடிந்தது.

பொன்னையா அண்ணன்தான் கையைக் கொடுத்துத் தூக்கினார். "கடைசில நாங்க இருக்கற எடத்துக்கே வந்துட்டியளே தம்பி" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கிதாமுரா கிட்டே வந்தார். என் முன்கைத் தோலை விரலால் கிள்ளி இழுத்தார், மடித்தார், விட்டார். உதட்டைப் பிதுக்கி, "இன்னும் பதமாகவில்லை. திரும்பப் போடுங்கள்" என்றார். மச்சானுக்கே அந்த ஆங்கிலம் புரிந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பு லேபர் கேம்ப் முழுக்கக் கேட்டிருக்கும்.

"முன்னால என்ன சொன்னாரு தம்பி?" என்று பொன்னையா அண்ணன் கேட்டார். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு மொழிபெயர்த்தேன்: அவர்கள் ஊரிலும் தோல்காரர்களை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்களாம்.

"கடலத் தாண்டியும் அதேதானா?" என்றார் அவர். அதை மட்டும் நான் ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னேன். கிதாமுரா தலையாட்டிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குழியோரம் உட்கார்ந்தார். அப்புறம் என் ஆங்கிலம் யாருக்கும் தேவைப்படவில்லை. தோலை மடித்தார்கள், முகர்ந்தார்கள், வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். ஆர்டர் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த முறை வரும்போது வரலாறு வேண்டாம்.

மறுநாள் மச்சான் என்னைக் குழி வேலைக்கு அனுப்பினார். "பதமாகட்டும்" என்றார். அந்தத் தொழிலிலேயே முடி நரைத்துவிட்டது.

வருஷங்கள் கழித்து, எங்கள் செம்பூர் வீட்டுக்கு என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு, தங்கள் மூதாதையர் நவாப் அரண்மனையில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று விளக்கிக்கொண்டே இருந்தார். நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து லாத்தாவின் குரல் கணீரென்று வந்தது:

"தம்பி, இவுகளும் இன்னும் பதமாகல போலிருக்கே. ஒரு தரம் முக்கி எடுத்து அனுப்புலே!"

சம்பந்தம் அத்தோடு முறிந்தது. லாத்தா அதற்கு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. என் மகளும்தான்.