வக்கீலுக்கு நான் மொட்டை போட்ட கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க கடை தலைமுடி எண்ணெய்க்கு ஒரு விளம்பரப் படம் செஞ்சு வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடணும்.

போடி பஜார்ல எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. எண்ணெய் நானே காய்ச்சுறது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் எல்லாம் போட்டு. முடி கொட்டாம நிக்கும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா 'கொட்டாம நிக்கும்'னு போட்டா யாரு திரும்பிப் பாப்பா? அதனால 'வழுக்கையிலும் முளைக்கும்'னு போட்டேன். ஒரு வார்த்தைதான் கூடிப்போச்சு.

இப்ப முளைச்ச தலை ஒண்ணு வேணுமே.

என் பெரியம்மா மக கல்யாண ஆல்பம் பேஸ்புக்ல கெடந்துச்சு. அதுல பந்தியில உக்காந்து ஒருத்தரு பாயாசம் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. ஆளு யாருன்னு தெரியாது. தலைமுடி மட்டும் சீப்பு உள்ள போனா திரும்பி வராது, அவ்வளவு அடர்த்தி.

அந்தப் போட்டோவை ஒரு ஆப்ல போட்டு, முடியை எடுத்துருன்னு சொன்னேன். கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள பளபளன்னு வழுக்கை. அதை 'முன்'னு இடப்பக்கம் வச்சேன். நெஜத் தலையை 'பின்'னு வலப்பக்கம் வச்சேன். கீழ 'மூன்றே மாதத்தில்'னு எழுதுனேன். அந்த மூணு மாசம் எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது.

எங்க வீட்டுக்காரர் எட்டிப் பாத்தாக. யாரு இவரு, ஒரு வார்த்தை கேட்டியான்னாக. பேஸ்புக்ல போட்டுட்டா அது எல்லாருக்கும் பொதுன்னு சட்டம் சொன்னேன். அந்தச் சட்டத்தை அந்த நிமிஷந்தான் நானே இயத்துனேன்.

எங்க ஊர்ச் செய்தி போடுறதுக்குன்னே பேஸ்புக் பேஜ் நடத்துற தம்பி ஒருத்தரு இருக்காரு. என் ஸ்டேட்டஸைப் பாத்துட்டு, "அக்கா, எடுத்துப் போட்டுக்கவா?"ன்னாரு. தாராளமா போடுப்பான்னேன். விளம்பரமாத்தான் போடுவாருன்னு நெனச்சேன்.

சாயங்காலம் பாத்தா, செய்தியாவே வந்துருச்சு. 'வழுக்கையை வென்ற போடி பெண்'. எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. பந்தியில இருந்தவர்கிட்டயும் கேக்கல. ஆனா 'பயனடைந்தவர் கண்கலங்கக் கூறினார்'னு மட்டும் எழுதியிருந்துச்சு.

தம்பி, இது பொய்யி, எடுத்துருன்னு நான் சொல்லியிருக்கணும். என்ன செஞ்சேன் தெரியுமா? ஷேர் பண்ணேன். மூணு குரூப்புக்கு.

மூணாம் நாள் காலையில கடையில ரெண்டு பொம்பளைக எண்ணெயை மோந்து பாத்துக்கிட்டு இருந்தாக. வாசல்ல கார் வந்து நின்னுச்சு. எறங்குன ஆளைப் பாத்ததும் என் வீட்டுக்காரர் மெதுவா எங்காதுல சொன்னாக: "ஏத்தா, உன் 'பின்' வந்துட்டாரு."

அவரு உள்ள வந்து, நிதானமா சொன்னாரு. "நான் பெரியகுளம் கோர்ட்டுல வக்கீலா இருக்கேன். எனக்கு இதுவரைக்கும் வழுக்கை விழுந்ததே இல்ல."

அந்த ரெண்டு பொம்பளைகளும் அவரு தலையையே பாத்தாக. ஒரு அம்மா, பாவம், வெளியில சொல்லக் கூச்சப்படுறாருன்னு சொல்லி, ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போயிருச்சு.

அப்புறந்தான் விஷயமே தெரிஞ்சுச்சு. அவருக்குக் கம்பத்துல பொண்ணு பாத்து, அடுத்த வாரம் நிச்சயம். பொண்ணு வீட்டுல இந்தச் செய்தியைப் பாத்துருக்காக. வழுக்கையையே மறைச்ச மாப்பிள்ளை வேற எதெல்லாம் மறைச்சிருப்பாரோன்னு பேச்சைப் பாதியில நிறுத்திட்டாக.

அவரு கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவரு வெரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சாரு. கேக்காம போட்டோ எடுத்தது. அதை மாத்தி அவரு பேரைக் கெடுத்தது. வழுக்கையில முடி முளைக்கும்னு விளம்பரம் செஞ்சது. இந்த மாதிரி விளம்பரத்துக்குன்னே தனிச் சட்டம் இருக்காம். நாலாவது வெரலையும் மடக்குனாரு. அது எதுக்கு சார்னேன்.

"நான் கண்கலங்குனேன்னு போட்டிருக்கே, அதுக்கு."

அது அந்தத் தம்பி எழுதுனதுன்னேன்.

"ஷேர் பண்ணியிருக்கீகளேக்கா."

கேஸு பெறகு பாத்துக்கலாம், மொதல்ல கம்பத்துக்கு வந்து உண்மையைச் சொல்லுங்கன்னாரு. கடையைச் சாத்திட்டு, நானும் வீட்டுக்காரரும் அவரு கார்லயே ஏறுனோம்.

பொண்ணு வீட்டுல எல்லாரும் வாங்கன்னு சொன்னாக. மொகத்தைப் பாத்துச் சொல்லல, வக்கீல் தலையைப் பாத்துச் சொன்னாக. நான் நடந்ததை ஒண்ணுவிடாம சொன்னேன். பொண்ணோட தாய்மாமன், திராட்சைத் தோட்டக்காரரு, நம்பவே இல்ல. மாப்பிள்ளை வீட்டுல பேசச் சொல்லிக் கூட்டியாந்த ஆளுன்னுட்டாரு.

வேற வழியில்லாம போனை எடுத்தேன். "அண்ணே, உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கவா?"ன்னேன். வாழ்க்கையில நான் அனுமதி கேட்டு எடுத்த மொத போட்டோ அதுதான்.

எடுத்தேன், ஆப்ல போட்டேன், அவருக்கும் மொட்டை விழுந்துருச்சு. பெரிய மீசை மட்டும் அப்படியே நின்னுச்சு. வீடே சிரிச்சுச்சு. அவரு சிரிக்கல. இது ஆப்பைத்தான் நிரூபிக்குது, முடியை நிரூபிக்கலன்னாரு. இழுத்துப் பாக்கலாமான்னு கேட்டாரு.

வக்கீல் குனிஞ்சு தலையைக் குடுத்தாரு. தாய்மாமன் களை புடுங்குற மாதிரி ரெண்டு கையாலயும் ஒரு இழு இழுத்தாரு. முடி வரல. வக்கீல் நிமிந்தப்ப கண்ணு ரெண்டும் செவந்து தண்ணி. அந்தச் செய்தியில ஒரு வரியாவது உண்மையாயிருச்சு.

அப்பத்தான் பொண்ணு உள்ளருந்து வந்துச்சு. அந்த வழுக்கைப் போட்டோவைக் காட்டச் சொல்லி, கொஞ்ச நேரம் பாத்துச்சு. "இப்படியும் நல்லாத்தான் இருக்காக. எனக்கு அனுப்புங்கக்கா."

அனுப்பப் போன வெரலை நிறுத்தி, "சார், அனுப்பலாமா?"ன்னேன். வக்கீல் வெக்கப்பட்டுக்கிட்டே தலையாட்டுனாரு. நிச்சயம் உறுதியாயிருச்சு. எங்களுக்கும் கேசரி குடுத்தாக.

வர்ற வழியில பேஜ் தம்பிக்குப் போன் போட்டு, மறுப்பு போடுன்னேன். மறுப்பையெல்லாம் யாரும் பாக்க மாட்டாகக்கா, கமெண்ட்ல ஒரு வரி போட்டுருவோம்னாரு. வக்கீல் போனை வாங்கி, தான் என்ன வேலை பாக்குறோம்கிறதை மட்டும் சொன்னாரு. வீரபாண்டி தாண்டுறதுக்குள்ள அதே எடத்துல, அதே அளவுல மறுப்பு வந்துருச்சு.

நானும் போட்டேன். அந்த வழுக்கை ஆப் செஞ்சது, எண்ணெய்க்கு முடி முளைக்காது, தப்பு முழுக்க என்னோடதுன்னு. மொத கமெண்ட்டே, 'அந்த ஆப் பேரு என்ன?'

இப்ப புதுசா விளம்பரம் செய்யுறேன். வெளியாள் தலையே வேணாம்னு என் வீட்டுக்காரர் தலையைப் போட்டோ எடுத்தேன். எழுத்துப்பூர்வமா சம்மதமும் வாங்கிட்டேன். சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு, அவுககிட்ட 'முன்' மட்டுந்தான் இருக்கு.