படத்தில் இருந்த ஒரே உண்மை

இந்தப் படத்தில் ஒரு பொய்கூட இருக்க விடமாட்டேன் என்று சபதம் எடுத்தேன். வீட்டுக் கொல்லையில் தனியாக நின்று எடுத்திருந்தால் பிழைத்திருப்பேன். லுக்மானின் காப்பிக் கடையில், பதினான்கு பேர் முன்னால், மேசையைத் தட்டி எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் காப்பி பாதி சிந்திவிட்டது.

ஜகார்த்தாவிலிருந்து சினிமாக்காரர்கள் எங்கள் சிமெலுயே தீவில் வந்து இறங்கிய வாரம் அது. சுனாமியைப் படம் எடுக்கப் போகிறார்களாம். எங்கள் ஊரில் அதற்கு ஸ்மோங் என்று பெயர். நிலம் ஆடினால், கடல் உள்வாங்கினால், நின்று பார்க்காதே, மலைக்கு ஓடு என்பதை இங்கே தாலாட்டோடு சேர்த்தே ஊட்டிவிடுவார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அது நிஜமாகவே வந்தபோது எங்கள் ஊரில் வீடு போயிற்று, படகு போயிற்று, ஆள் போகவில்லை. மற்றக் கரைகளில் அன்று நடந்ததைப் பற்றி நான் வேடிக்கை பேசமாட்டேன்.

சினிமாவில் நடப்பதைப் பற்றிப் பேசலாம். லுக்மான் கடை டிவியில் எந்தச் சுனாமிப் படம் போட்டாலும் நான்தான் நீதிபதி. சினிமா அலை நீலமாக இருக்கும். பத்து மாடி உயரத்துக்கு எழும்பும். எழும்பியபின் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி அப்படியே நிற்கும். கதாநாயகன் காதலியிடம் மன்னிப்புக் கேட்டு, நாய்க்குட்டியைத் தேடி எடுத்து, வானத்தை ஒருமுறை பார்த்து முடித்த பிறகுதான் விழும். "பொய்!" என்று கத்துவேன். நிஜ ஸ்மோங் கறுப்பாக வரும். கடலே எழுந்து நடந்து வருவதுபோல வரும். மரம், தகரம், பக்கத்து ஊர்க் கூரை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். ஒரு தடவையோடு விடாது. போய்விட்டது என்று மூச்சு விட்டால் மறுபடி வரும்.

டைரக்டர் பிரமோனோ தொப்பி போட்ட நல்ல பையன். கடைக்குக் காப்பி குடிக்க வந்தவனை மடக்கினேன்.

"தம்பி, உங்க படத்துல அலை நிக்குமா?"

"கம்ப்யூட்டர்ல பண்றோம் சார். பன்னெண்டு செகண்டு நிக்கும்."

"அலை நிக்காது தம்பி."

"நின்னாதானே சார் ஹீரோ வசனம் பேச முடியும்?"

"ஓடுறவனுக்கு என்ன வசனம்? மூச்சுதான் வரும்."

"சம்பளம் வாங்குறவரு சார். மூச்சு மட்டும் விட்டா ஒத்துக்க மாட்டாரு."

அந்த இடத்தில்தான் மேசையைத் தட்டினேன். மறுநாளிலிருந்து படத்தின் உண்மைக்கு நானே காவல். யாரும் நியமிக்கவில்லை. நாற்காலியை நானே வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் கூட்டக் காட்சி. கடல் உள்வாங்குகிறது, ஊர்மக்கள் கரையில் வாய் பிளந்து நிற்கிறார்கள், சிலர் இறங்கி மீன் பொறுக்குகிறார்கள். அறுபது பேரைக் கரையில் நிறுத்தினார்கள். உதவியாளர் ஒலிபெருக்கியில் "கடல் உள்வாங்குது!" என்றார். பத்து எண்ணுவதற்குள் கரையில் ஒரு நண்டுகூட இல்லை. அறுபது பேரும் மலைமேல். பிரமோனோ "கட்! கட்!" என்று காலிக் கரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

அவர்கள் இறங்கிவர அரைமணி ஆயிற்று. மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி மலை. நிற்கத்தான் நினைத்தார்களாம், கால் கேட்கவில்லையாம். மூன்றாம் தடவை பொறுமையிழந்த உதவியாளர், "ஸ்மோங் வரும்போது அப்படியே நில்லுங்க!" என்று கத்தினார். 'ஸ்மோங்' மட்டும்தான் ஊர் காதில் விழுந்தது. பள்ளிக்கூடம் காலியானது. பள்ளிவாசல் காலியானது. லுக்மான் கொதிக்கும் கெண்டியோடு ஓடினான். என் மனைவி ரொஸ்னிதா வழக்கம்போல் ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். காரணம் தெரியாமலே சினிமாக் கம்பெனிச் சமையல்காரரும் ஓடினார். அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

பிரமோனோ என் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒருத்தராவது நின்னு வேடிக்கை பார்க்கக் கூடாதா சார்?"

"நின்னு பார்த்தவனுக்கெல்லாம் இந்த ஊர்ல பேரன் பேத்தி கிடையாது தம்பி."

"கூட்டத்தை வேற ஊர்ல எடுத்துக்கறேன். எனக்கு ஒரு குடும்பக் கதையாவது குடுங்க. படம் தொடங்கும்போது 'உண்மைச் சம்பவம்'னு போடணும். அதுக்கு ஒரு சம்பவமாவது உண்மையா இருக்கணும்ல?"

கெண்டியோடு இறங்கி வந்த லுக்மான், "நம்ம ஹஸ்பி மாமா கதை இருக்கே!" என்று என்னைக் காட்டினான். சொல்லிவிட்டுத் துண்டால் வாயை மூடிக்கொண்டான். மரியாதை என்று நினைத்தேன்.

அந்தக் கதை இதுதான். அன்று காலை நிலம் ஆடியதும் நான் என் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். பதினெட்டு வருஷமாகக் கடையில் சொல்லிவருகிறேன். முதல் வருஷம் பாதி மலைவரை தூக்கினேன். வருஷத்துக்கு வருஷம் மலை வளர்ந்தது. தலைநகரத்துப் பையன் வாய் பிளந்து கேட்கிறானே என்று அன்றைக்குப் புதிதாக ஒன்று சேர்த்தேன். "பாவம், பயத்துல மயங்கி விழுந்துட்டா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

உங்களிடம் மறைப்பானேன். ஸ்மோங் வந்த அன்று எங்கள் வீட்டுப் படி உடைந்து என் கணுக்கால் பிசகிவிட்டது. ரொஸ்னி என்னைத் தூக்கித் தோளில் போட்டாள். மறுகையில் கோழி. நிற்காமல் ஏறினாள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு திருப்பம் உண்டு. அதைத் தாண்டினால் ஊரே உட்கார்ந்திருக்கும். அந்தத் திருப்பத்தில் என்னை இறக்கினாள். என் சட்டையைக் கீழே இழுத்துச் சரி செய்தாள். "இனி நடந்து வாங்க" என்று கையைக் கொடுத்தாள். ஊருக்கு முன்னால் நான் நடந்தே வந்து சேர்ந்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை. சட்டையை இழுத்துவிட்ட அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். அடைத்த தொண்டையைச் சரிசெய்யக் காப்பிக் கடைக்குப் போவேன். போன இடத்தில் கதையை மாற்றிச் சொல்லிவிடுவேன்.

டைரக்டரிடம் கதை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனபோது ரொஸ்னி கிராம்பு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, டைரக்டர் தம்பி வந்துட்டுப் போச்சு."

"எதுக்கு?"

"நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் வச்சே எடுக்கறாங்களாம். நடிகருங்க வேணாமாம். எல்லாம் உண்மையா இருக்கணும்னு நீங்கதான் மேசையைத் தட்டினீங்களாமே."

"அது வந்து..."

"நீங்க என்னைத் தூக்கிட்டு ஏறினீங்களாம்."

"ஒரு பேச்சுக்கு..."

"அது கிடக்கட்டும், அது பழைய கதை. நான் மயங்கி விழுந்தேனாமே?"

"கதைன்னா ஒரு உருக்கம் வேணும்ல ரொஸ்னி..."

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

கடல் உள்வாங்கினால் ஓடு என்று எனக்கு நான்கு வயதில் கற்றுக்கொடுத்தார்கள். மனைவி "சரி" என்று மட்டும் சொன்னால் ஓடு என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை மலையடியில் கேமரா. நான் ஐம்பத்திரண்டு கிலோ, அதுவும் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நின்றால். ரொஸ்னி எவ்வளவு என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. கிராம்பு மூட்டையை ஒரு கையால் லாரியில் ஏற்றுகிறவள்.

தூக்கினேன். நான்கு அடி நடந்தேன். ஐந்தாவது அடியில் இருவரும் தாழம்புதரில் கிடந்தோம்.

"பரவாயில்ல சார்" என்றான் பிரமோனோ. "அக்காவைக் கயித்துல கட்டி மேலேருந்து தூக்கிக்கலாம். நீங்க சும்மா பிடிச்சாப் போதும்."

"அன்னைக்குக் கயிறு இல்லையே தம்பி" என்றாள் ரொஸ்னி. "இவருக்குப் பொய் பிடிக்காது. அப்புறம் மேசையைத் தட்டுவாரு."

"அக்கா சொல்றது சரிதான். அப்ப இன்னொரு தடவை போலாமா சார்?"

"போலாம்" என்றாள் ரொஸ்னி. "ஆனா தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சு. இவரு இன்னொரு தோள்ல அரிசி மூட்டையும் வச்சிருந்தாரு."

"அரிசி மூட்டையா?"

"அடக்கம். வெளிய சொல்ல மாட்டாரு."

மூட்டை வந்தது. இரண்டு அடி.

"தையல் மெஷினும் இருந்துச்சு" என்றாள் ரொஸ்னி. "மயங்கிக் கிடந்தேனா, இப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது."

கையெழுத்துப் போடுவதுபோல் நிதானமாகச் சொன்னாள். பிரமோனோ கண்ணில் நீர் தளும்பியது. "சார், நீங்க மனுஷனே இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நிஜமான பழைய தையல் மெஷினைத் தேடி ஊருக்குள் ஆள் போனது. பதினான்கு பேரும் தென்னைமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லுக்மான் கடையையே அங்கே மாற்றிவிட்டான்.

மெஷின் தலை வந்தது. இரும்பு. நான் அசையவே இல்லை. முதுகில் ஏதோ சொடக்குப் போட்டது.

"ரொஸ்னி" என்று முணுமுணுத்தேன். "சொல்லிடேன்."

"எதைங்க?"

"அதான்... அன்னைக்கு நடந்ததை."

"நான்தான் மயங்கிட்டேனே. எனக்கெப்படித் தெரியும்?"

அடுத்து அவள் கண் லுக்மான் கடையோடு தூக்கி வந்திருந்த அலமாரிப் பக்கம் போயிற்று. நான் மூட்டையைக் கீழே போட்டேன்.

"தம்பி, கேமராவை நிறுத்து. அவ மயங்கல. நான் தூக்கல. அவதான் என்னைத் தூக்கினா. போதுமா?"

ஊர் சிரிக்கும் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

லுக்மான்தான் வாயைத் திறந்தான். "அது எங்களுக்குத் தெரியுமே மாமா."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு ஊரே மலைமேலதானே இருந்துச்சு? மேல இருந்து பார்த்தா கீழ எல்லாம் தெரியும்ல? அத்தை உங்களைத் தூக்கிட்டு வந்தது, திருப்பத்துல இறக்கினது, சட்டையை இழுத்துவிட்டது, எல்லாம் பார்த்தோம்."

"பதினெட்டு வருஷமா ஏன்டா சொல்லல?"

"அத்தை சொல்லக் கூடாதுன்னுச்சு. 'பேசிட்டுப் போகட்டும், அவருக்கும் ஒரு சந்தோஷம், உனக்கும் நாலு காப்பி போகும்'னு."

ரொஸ்னி கிராம்பு பொறுக்குவதுபோல என் தோளில் ஒட்டியிருந்த தாழம்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். "தூக்கினதுவரைக்கும் விட்டுட்டேன்" என்றாள். "மயங்கினேன்னு சொன்னது மட்டும் பொறுக்கல."

நான் சிமெலுயேயில் பிறந்தவன். எல்லோரும் மலைக்குத்தான் ஓடுவார்கள் என்று உலகத்துக்கே பாடம் நடத்துகிறவன். மலைக்கு ஓடியவர்களுக்குக் கண் இருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

பிரமோனோ துள்ளிக் குதித்தான். "அக்கா, அதையே எடுத்துக்கலாமா?" என்றான். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். தோளில் கிடக்கும்போது என் முகம் கடலைப் பார்த்து வீரமாக இருக்கும், நான் வாயைத் திறக்கமாட்டேன். ஒத்துக்கொண்டார்கள். ரொஸ்னி ஒரு கோழியைப் பிடித்தாள். மறுதோளில் என்னைப் போட்டாள். போனாள். ஒரே டேக். மேலே போனதும் என்னை இறக்கிவிட்டு, "இன்னொரு தடவை வேணுமா தம்பி?" என்று கேட்டாள். மூச்சுகூட வாங்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் லுக்மான் கடை டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். கடை நிரம்பி வழிந்தது. ரொஸ்னியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் 'உண்மைச் சம்பவம்' என்று எழுத்து வந்தது. பிறகு அலை வந்தது. நீலம். "பொய்!" என்றேன். பன்னிரண்டு செகண்டு நின்றது. "பொய்!" கதாநாயகன் வசனம் பேசினான். "பெரும்பொய்!" வேற்றூர்க் கூட்டம் வாய் பிளந்து நின்று மீன் பொறுக்கியது. கடையே எழுந்து "ஓடுங்கடா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தியது.

அப்புறம் எங்கள் காட்சி. மலைச்சரிவில் ஒரு பெண் ஏறி வருகிறாள். ஒரு கையில் கோழி. கோழி டிவி கிழியும்படி கத்துகிறது. தோளில் ஒரு மனிதன், கடலைப் பார்த்தபடி, கம்பீரமாக, மௌனமாக.

"மாமா, இது பொய்யா, நெசமா?" என்றான் லுக்மான்.

பதினான்கு தலைகள் திரும்பின. மூச்சை இழுத்துக்கொண்டேன். "நெசம்" என்றேன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. கணுக்கால்கூட லேசாகிவிட்டது.

"இல்லங்க" என்றாள் ரொஸ்னி, காப்பியைக் கீழே வைத்து. "இதுலயும் ஒரு பொய் இருக்கு."

பதினெட்டு வருஷம் கழித்தும், ஊர் முன்னால், மறுபடி என் சட்டையைச் சரி செய்யப் போகிறாள். பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அன்னைக்குக் கத்தினது கோழி இல்ல."