மலைமேல் நின்ற தடிக்காரன்

கடலைப் பார்த்து வாசல் வைத்துத்தான் வீடு கட்டுவேன் என்று தீர்மானம் போட்டேன். அப்போது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அதனால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வாலிபத்தைத் தொலைத்துவிட்டு, இரண்டாயிரத்து ஏழில்தான் ஊர் திரும்பினேன். அங்கே என் மேசைக்கு எதிரே சுவர். கப்பல்களையெல்லாம் காகிதத்தில்தான் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும்போது ஆசைகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொள்கின்றன. எனக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. காலையில் கதவைத் திறந்தால் கடல் பால் கலந்த நீலத்தில், அசைந்தும் அசையாமலும் கிடக்க வேண்டும். அதற்கு எதிரே நாற்காலியில் நானும் அப்படியே கிடக்க வேண்டும்.

என் மனைவி ஜெபமாலை வேறு கனவு வைத்திருந்தாள். அக்காள்மடத்தில், மெயின் ரோட்டோரம், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மனை. கடற்கரையில் பிறந்தவள் இப்படிப் பேசலாமா என்று கேட்டேன்.

"தனுஷ்கோடில எங்க அய்யா வீட்டு வாசலும் கடலப் பாத்துத்தான் இருந்துச்சு," என்றாள். "இப்பக் கடலுக்குள்ள இருக்கு."

அலைகளின் நிலையாமை பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவள் மீன் ஆயப் போய்விட்டாள்.

நேருக்கு நேர் பேசி அவளை நான் ஜெயித்ததாக எங்கள் குடும்ப வரலாற்றில் எங்கும் குறிப்பில்லை. ஆகவே சுற்றி வளைத்தேன். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது. கற்கால மனிதர்கள் கொஞ்சப் பேரைக் கையில் கொடுப்பார்கள். ஊர் அமைத்து, உழுது, எழுதப் பழகி, கடைசியில் விண்வெளிக்கு ராக்கெட் விடுகிற வரைக்கும் அவர்களை நாம் கொண்டுபோக வேண்டும். அவசரமே கிடையாது. ஆளை நகர்த்திவிட்டு என்டர் பொத்தானைத் தட்டினால் அடுத்த நாட்டுக்காரன் முறை. தாயம் மாதிரிதான், கட்டம் மட்டும் உலகம்.

முதல் ஊரை எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். நான் சொன்னால் கேட்காதவள், கம்ப்யூட்டர் சொன்னால் கேட்பாள் அல்லவா? கூட்டம் கண் விழிக்கும் இடமே அழகான கடற்கரையாக உள்ள ஒரு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவள் அயர்ந்து தூங்கும் மத்தியானங்களில் அதையே மூன்று தடவை ரகசியமாக ஆடிப் பார்த்தேன். மூன்று தடவையும் கடலோரத் தலைநகரம் செழித்தது. ஒரு கொள்ளைக்காரன்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஊர்க்காவலுக்கென்று ஆட்டத் தொடக்கத்தில் ஒரு தடிக்காரனைத் தருவார்கள். அவனை வடக்கே ஒரு மலைமேல் நிறுத்துவது என் வழக்கம். பெரிய காரணமில்லை. அங்கிருந்து கடல் நன்றாகத் தெரியும்.

ஒரு சாயங்காலம் டீயோடு விஷயத்தைத் தொடங்கினேன். நாம் இருவரும் சேர்ந்து ஒரு நாடு ஆள்வோம். ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் எதுவும் செய்யக் கூடாது. ஐம்பது முறை தாண்டியும் கடலோரத் தலைநகரம் நின்றால் நம் வீடும் கடலோரம். விழுந்தால் அக்காள்மடம்.

முந்தானையில் கையைத் துடைத்தபடி, தனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றாள். என்டர் தட்டுகிற வேலையை மட்டும் கேட்டாள். பாவம், அதாவது கிடைக்கட்டும் என்று கொடுத்தேன்.

உலகம் கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பச்சை, அதன் ஓரத்தில் கொஞ்சம் நீலம். தடிக்காரன் நடக்க நடக்க, திரை விலகுவது போல இருட்டு விலகியது. காடு வந்தது, ஆறு வந்தது, அவன் ஏறி நிற்பதற்கு மலையும் வந்தது. ஊரைப் போட்டோம். முதலில் எந்த வித்தையைக் கற்பது என்று ஆலோசனை. எழுத்து என்றேன்.

"எழுதி யாருக்குப் போட? எல்லாரும் இங்கனதான இருக்காக," என்றாள்.

அவள் சொன்னபடி வலை பின்னக் கற்றோம். முதலில் என்ன கட்டுவது என்றபோது கலங்கரை விளக்கம் என்றேன். ஊருக்குள் காவலுக்கு இன்னொரு ஆள் வேண்டாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், இது அமைதியான கடற்கரை என்று ஒரு தீர்க்கதரிசியின் குரலில் சொன்னேன். "சரிங்க," என்றாள். அந்தச் சொல்லை இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. வாடகை வீட்டு ஜன்னலுக்கு வெளியே கடல் சங்கு நிறமாகிக்கொண்டிருந்தது. வள்ளங்கள் கறுப்புக் கோடுகளாக மிதந்தன. திரையிலும் அலை அசைந்தது. எது உள்ளே, எது வெளியே என்று பிரித்தறிய எனக்கு மனமில்லை. மனதில் எங்கள் வீட்டு வாசலுக்கு நிலை வைத்து, சுவருக்கு இளநீல வர்ணம் பூசி முடித்திருந்தேன். ஜெபமாலை தாளம் போடுவது போல என்டர் தட்டிக்கொண்டிருந்தாள். நூற்றாண்டுகள் சத்தமில்லாமல் போயின.

"அந்த மலையில ஒருத்தன் ஒத்தையா நிக்கிறானே, எம்புட்டு நாளா நிக்கிறான்?"

"ஆட்டக் கணக்குல ஆயிரம் வருசம் இருக்கும்."

"அவனுக்குன்னு ஊருல யாரும் இல்லையா?"

சிங்கப்பூர் மேசையும் சுவரும் கண்ணில் வந்தன.

"கூப்பிட்டுக்கிருவமா?" என்றாள்.

"கூப்பிடு," என்றேன்.

தடிக்காரன் மலையிறங்கினான். காட்டு வழி, மெதுவான நடை. அவன் பின்னால் இருட்டு மறுபடி மூடிக்கொண்டது. ஒரு கவிதை போல இருந்தது. அந்தக் கவிதைக்குள்ளிருந்து சிவப்புத் துணி கட்டிய ஒரு வில்லாளி வந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

ஊரில் பாதி கட்டிய கலங்கரை விளக்கம் இருந்தது. நிறைய மீன் இருந்தது. காவலுக்கு ஆள் இல்லை. எங்கள் நாகரிகம் முடிவுற்றது என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத் தெரிவித்தபோது, தடிக்காரன் இன்னும் வழியில்தான் இருந்தான்.

"மூணு தடவையும் இவய்ங்க வரலையே," என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "அவன் அங்கன நின்னா எப்பிடி வருவாய்ங்க? நம்மாளு பாத்துக்கிட்டிருக்கிற எடத்துல கொள்ளக்காரன் மொளைக்க மாட்டான். இருட்டுலதான் மொளைப்பான். மூணு தடவ ஆடியும் இது தெரியலையாக்கும்."

"ஒனக்கெப்பிடித் தெரியும்?"

தினமும் காலையில் நான் தரகர் மூக்கையாவோடு கடற்கரை மனை பார்க்கப் போய்விடுவேன். அந்த நேரமெல்லாம் அவள் இங்கே இதைத்தான் ஆடியிருக்கிறாள்.

"நீங்க மொத ஊருக்கே எடம் பாத்துக்கிட்டிருக்கீக. நான் போன வாரமே ராக்கெட்டு விட்டாச்சு."

தலைநகரத்தை எங்கே போட்டாய் என்று கேட்டேன். ஆற்றோரம், கடலை விட்டு இரண்டு கட்டம் உள்ளே தள்ளி என்றாள். அப்படியானால் அந்தத் தடிக்காரன்மேல் இரக்கப்பட்டதெல்லாம் நடிப்பா என்று கேட்டேன்.

கம்ப்யூட்டரை அணைத்தாள். "நெசமாத்தான் பாவப்பட்டேன். நீங்க சிங்கப்பூருல இருந்தப்ப நானும் வருசக்கணக்குல கடலப் பாத்து ஒக்காந்திருந்தேன். கடலு ஒங்களக் கூட்டியாரல. பஸ்ஸுதான் கூட்டியாந்துச்சு."

அக்காள்மடத்தில் வீடு எழும்பியது. வாசல் ரோட்டைப் பார்த்து. பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் யார் இறங்குகிறார்கள் என்று அவள் எட்டிப் பார்ப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும். தோற்றவனுக்கும் ஒரு சலுகை வேண்டும் என்று, கடல் பக்கம் ஒரே ஒரு ஜன்னல் கேட்டேன். மறுபேச்சில்லாமல் "சரிங்க," என்றாள்.

இப்போது தினமும் காலையில் கடல் பார்க்கிறேன். குளியலறை ஜன்னல் கொஞ்சம் உயரம்; வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால் நன்றாகவே தெரிகிறது.