வலைக்கு மேலே நிற்கும் பந்து

ராஜபாளையம்,
28-11-1994

அன்புள்ள மாப்பிள்ளை சோலைராஜுக்கு, அத்தான் தவசிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அக்காள் அழகுத்தாய்க்கும் முன்னைக்கு இப்போது தேவலை, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஜப்பானில் மில் மிஷின் வேலை பழகும் நீ சுகமாக இருக்க, படுத்தபடியே ஆண்டாளை வேண்டிக்கொள்கிறாள்.

நிற்க. போன லீவில் நீ கொண்டுவந்த டென்னிஸ் கார்ட்டூன் கேசட்டால் என் மானம் போய்விட்டது. பாஷை ஒரு எழுத்துப் புரியாவிட்டாலும் உன் அக்காள் அதை நாற்பது தடவை பார்த்துவிட்டாள். கடைசியில் அந்தப் பெண் அடிக்கிற பந்து சுழன்றுகொண்டே வலைக்கு மேலே அப்படியே நிற்கிறது, அவள் பள்ளிக்கூடம் போனது, மழையில் நனைந்தது, அம்மாவைப் பறிகொடுத்தது எல்லாம் நினைத்து முடிக்கிற வரைக்கும் நிற்கிறது, எதிரே ஆடுகிறவளும் தன் பங்குக்கு நினைக்கிறாள், பந்து விழுவதற்குள் கேசட் தீர்ந்துவிடுகிறது. சுற்றுகிற வேகத்தில் பந்து அந்தரத்தில் நிற்குமா என்று உன் அக்காள் கேட்டாள். முப்பது வருஷமாக ஸ்பின்னிங்கில் ஃபிட்டராக இருக்கிறவன் தெரியாது என்று சொல்ல முடியுமா? மில்லில் ஒரு பந்தைத் துளைத்து நூல் சுற்றும் ஸ்பிண்டிலில் மாட்டி ஓட்டினேன். நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று. எங்கே நின்றது? பிய்த்துக்கொண்டு போய் மேஸ்திரி ஐயாதுரையின் தூக்குச்சட்டி சாம்பாரில் விழுந்தது. அன்றைக்கென்று அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சரி, கையால் அடித்தால்தான் நிற்குமோ என்று கிளப் மைதானத்தில் மட்டையைச் சுழற்றினேன், தோள்பட்டை பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். உன் அக்காள் சிரித்து ஓய்ந்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்களுக்கு நெனைக்கதுக்கு ஒண்ணுமில்ல. அதான் பந்து நிக்கல."

ஆகையால் அடுத்த கேசட்டை உடனே அனுப்பு. தம்பி மறந்துவிட்டானா என்று தினமும் கேட்கிறாள். அக்காளுக்கு ஒரு கேசட் அனுப்பத் துப்பில்லாத உன்னை என்னவென்று சொல்வது?

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் அத்தான்
தவசிமுத்து

பி.கு.: மேலே உள்ளதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். இதை மட்டும் தபாலாபீஸில் நின்று எழுதுகிறேன். இட்லி சாப்பிட்டாள் என்பது பொய், கஞ்சித் தண்ணிதான் இறங்குகிறது. புரட்டாசியில் மதுரை டாக்டர் தீபாவளி தாண்டாது என்று சொன்னது அவள் காதிலும் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பந்து கோட்டுக்கு உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு பாக்காம நான் போறதா இல்ல" என்றாள். மறு வாரமே நீ அனுப்பிய இரண்டாவது கேசட் வந்தது. பீரோவில் என் வேட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன், நானும் போட்டுப் பார்க்கவில்லை. தீபாவளி போய்விட்டது, கார்த்திகை பிறந்தும் பன்னிரண்டு நாள் ஆகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. கேசட் எங்கும் கிடைக்கவில்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு ஒரு கடிதம் போடு.