பின்னாடி சார்

கள்ளக்குறிச்சியில் அந்த மனுஷன் முன்னால் நடந்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடைக்குப் போனால்கூட யாருக்காவது பின்னாலேதான் போவார். அதனால் அவருக்குப் பேரே பின்னாடி சார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை, பக்கவாதம் வந்து வருஷக்கணக்கானவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது. "வராந்தாவுல எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க, அது எனக்காக நடக்கறது" என்பார். அதனால் கையில் ஸ்டாப் வாட்ச்சோடு, அவர்களுக்குத் தெரியாமல் சந்தை வரைக்கும் பின்னாலேயே போவார். எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருத்தர் பின்னால் கோயில் பிராகாரத்தைச் சுற்றிய சுற்றில், பாவம் என்ன வேண்டுதலோ என்று அர்ச்சகரே கூப்பிட்டு விபூதி கொடுத்தாராம்.

எங்கள் அம்மாவுக்கு இடது கை கால் விழுந்து சில வருஷம் ஆகியிருந்தது. காலை இழுத்து இழுத்து நடப்பாள். வெள்ளிமலை பஸ் ஏறி, வடக்கனந்தலில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்குத் தன்னந்தனியாகப் போய் வரணும். அது ஒன்றுதான் அவள் ஆசை. விழுந்து தொலைத்தால் யார் பார்ப்பது என்று நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். கடைசியில் பின்னாடி சார் சரியென்றால் சரி என்று முடிவானது. அவரோ, நேராக நன்றாகத்தான் போகிறீர்கள், திரும்பும்போதுதான் கால் தரையை விடமாட்டேன் என்கிறது, சட்டென்று திரும்பினால் விழுவீர்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அவரைத் திட்டாத நாளில்லை.

ஒருநாள் அம்மாவைத் தனியாக பஸ் ஏற்றிவிடச் சொன்னார். பின் படிக்கட்டில் அவரும் ஏறிக்கொண்டது அம்மாவுக்குத் தெரியாது. மற்றதெல்லாம் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு எனக்குச் சொன்னது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. வடக்கனந்தலுக்கு முன்னாலேயே ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நடக்க, அம்மாவும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தாள். அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து ஒரு ஆள் வந்தால், மறியல் செய்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சி.ஐ.டி. என்று சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு அம்மா சட்டென்று திரும்பினாள். கைத்தடியை ஊன்றக்கூட மறந்து, தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாளாம்.

"வுடுங்கப்பா அவர. அவரு ஆஸ்பத்திரி சாரு. என் காலப் பாத்துகினு வராரு, வேற இன்னா பண்ணாரு?"

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். கிளையை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு வழியும் விட்டார்கள். சட்டைப் பொத்தான் போனதுகூடத் தெரியாமல் சாருக்கு முகமெல்லாம் பல்.

"யம்மா, இப்ப திரும்புனீங்களே, காலு தரைய வுட்டு எழும்பிச்சும்மா. இனிமே எங்க வேணும்னாலும் தனியா போய் வாங்க."

அதற்கப்புறம் தங்கச்சி வீடே கதியென்று கிடந்தாள் அம்மா. அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் கும்பிடுகிறது.

சார் மாற்றலாகி எங்கோ போய்விட்டார். ஆனாலும் அம்மா இருந்த வரைக்கும், பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை நின்று, நன்றாகத் திரும்பி, பின்னாடி பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள்.