மில் தெரு பதினாலாம் நம்பர் அனாதை

ஆல்டர்பி,
மே 9.

அன்பும் மரியாதையும் மிக்க முரியல் அக்காவுக்கு, தம்பி கிளைவ் எழுதுவது. இங்கு நானும் என் முழங்கால்களும் சுகம். உன் மூட்டுவலியும் உன் நாயின் மூட்டுவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஐந்து வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையோடு நிறுத்திக்கொண்டவன் மே மாதத்தில் கடிதம் போடுகிறானே என்று பதறாதே. யாரும் சாகவில்லை. என் மானம்தான் போகிறது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கொட்டுகிற மழையில் வாசல் மணி அடித்தது. ஊர்ச் சேவைச் சங்கத்து ஆட்கள் ஆறு பேர், மஞ்சள் சட்டையும் பெயின்ட் டப்பாவுமாக நின்றார்கள். தலைவி ஹெப்வொர்த் அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நாரிஸ் ஐயா, இனிமே நீங்க தனியா இல்லீங்க. நாங்க வந்துட்டோம்" என்றார். மில் சந்து பதினாலில் இருக்கும் நாரிஸ் கிழவரைத் தேடி வந்தவர்கள் மில் தெரு பதினாலுக்கு வந்துவிட்டார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்து நிற்பவர்களிடம் "வீடு மாறி வந்துட்டீங்க" என்று எந்த முகத்தோடு சொல்வது? "டீ போடட்டுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். நம் ஊரில் டீ கொடுத்த பிறகு உண்மையைச் சொல்ல ஏது அக்கா வழி? அதற்கு முந்தின மாதம்தான் வெள்ளை அடித்த என் வேலிக்குப் பச்சை அடித்தார்கள். "ரொம்ப நல்லா இருக்குங்க"ன்னு வேற சொன்னேன்!

அதோடு விட்டார்களா? செவ்வாய்தோறும் டோமினோ ஆட வருகிறார்கள். நடக்க ஒரு தாங்குசட்டம் கொடுத்தார்கள். அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு மலையேறிப் போனபோது ஹெப்வொர்த் அம்மாளிடம் மாட்டிக்கொண்டேன். "சட்டத்தை ரிப்பேருக்குக் கொண்டு போறேங்க"ன்னு சமாளிச்சேன். என்னை இருபது வருடமாகத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட, மரியாதைக்காக, நாரிஸ் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பொறுக்காமல் நாரிஸிடமே போய் முறையிட்டேன். அந்த மனுஷன் கதவைப் பாதி திறந்து, "யோவ், வாயைத் திறந்தே, தொலைச்சுப்புடுவேன்! அவங்க பாட்டுக் குழு வேற வெச்சிருக்காங்க, என் வாசல்ல வந்து பாடித் தொலைப்பாங்க. நீயே நாரிஸா இரு. யாராவது கேட்டா நான் கிளைவுன்னு சொல்லிக்கிறேன்" என்று சாத்திவிட்டார்.

வருகிற சனிக்கிழமை ஊர்த் திருவிழா. மேயர் முன்னால், பேண்டு வாத்தியத்தோடு என்னை மேடையேற்றி, "நாதியற்ற நாரிஸுக்கு" என்று பொறித்த பெஞ்சு ஒன்றைக் கொடுக்கப் போகிறார்கள். நீ காலை பத்து மணி ரயிலில் வந்து இறங்கு. நேரே மேடைக்கு முன்னால் நின்று, "இவன் நாரிஸ் இல்லே, என் கூடப்பிறந்த தம்பி கிளைவ்!" என்று கத்து. உனக்குத்தான் பிறவியிலேயே நல்ல குரல். என்னைக் காப்பாத்துக்கா.

உனக்கு என் வணக்கம், நாய்க்கு என் ஆசி.

இப்படிக்கு,
சனிக்கிழமை வரை நாரிஸாகிய
உன் தம்பி கிளைவ்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. டோமினோ ஆடும்போது ஹெப்வொர்த் அம்மாள், "உங்களுக்குன்னு சொந்தம் யாருமே இல்லீங்களா?" என்று கேட்டார். உன் பெயர் எழுதிய உறை மேஜைமேல்தான் கிடந்தது. அதன்மேல் டீக்கோப்பையை வைத்துவிட்டு, "யாருமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். என் மனைவி டோரா போன பிறகு இந்த வீட்டில் ஒரே நாளில் ஏழு கோப்பை கழுவுவது இப்போதுதான். உன்னைப் பார்த்துவிட்டால் அவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். அதனால் வராதே அக்கா. வந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், வீடு மாறி வந்துவிட்டதாகச் சொல். டீ போட்டுத் தருகிறேன்.