மஹய்யாவ நீர்க்குழாய், இரண்டாம் பாகம்

மஹய்யாவையில் எங்கள் மேட்டு வரிசை வீடுகளுக்குக் குடிநீர் வழங்கும் திருப்பணி, திலக்ஷன் என்னும் அதிகாரியின் பரிபூரண கவனத்தில் இருந்துவந்தது. அவருடைய எஞ்சிய கவனம் 'இருள்வனம்' என்ற வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தின்மேல் இருந்தது. அது வரும் என்று கேமைச் செய்யும் நிறுவனத்தார் அறிவித்தபோது அவருக்கு மீசை அரும்பவில்லை. இப்போது அதற்குச் சாயம் பூசுகிறார்.

காணாத பொருளுக்காக உருகுவதே அன்பென்றால், அவர் பேரடியார். நிறுவனத் தலைவரின் மேசைப் படத்தில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் தெரிந்தால், இரண்டாம் பாகம் நெருங்கிவிட்டதென்று அவர் சேர்ந்திருந்த கண்டி இரசிகர் சங்கம் பொருள் காணும். அறிவிப்பு வெளியான நாளில் ஆண்டுதோறும் கேக் வெட்டும்.

எங்கள் வரிசையில் வசிக்கும் கலாராணி, நகரத்துப் புடவைக்கடையில் வேலை செய்பவர். பள்ளத்துப் பொதுக்குழாயில் வரிசை நின்று தண்ணீர் பிடிப்பதால் நாள்தோறும் தாமதம். இன்னொரு முறை பிந்தினால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட, கலாராணி திலக்ஷனின் அலுவலகத்துக்கு ஓடினார்.

"தம்பி, பைப்பு வாசல் வரைக்கும் வந்திருச்சி. தண்ணி மட்டுந்தான் வரல."

"அவசரப்பட்டா தரம் கெட்டுப்போகும் அக்கா. எங்க கேமைப் பாருங்க, எவ்வளவு அருமையா செய்றாங்க."

"அருமையா செய்றாங்கன்னு எப்பிடித் தெரியும்?"

"இன்னும் வரலையே."

கலாராணி வந்த வழியே திரும்பினார். திலக்ஷனுக்கோ ஞானம் உதித்தது. இரசிகர்கள் தாமதத்தைக் கொண்டாடுகிறார்கள்; மஹய்யாவ மக்கள் மட்டும் ஏன் முறையிடுகிறார்கள்? அவர்களுக்கு ஒரு சங்கம் இல்லாமையே காரணம். இதை அவர் மேலதிகாரி ஹாஷிமிடம் விண்ணப்பித்தார். தண்ணீரே தேவைப்படாத குடிநீர்த் திட்டத்தை ஹாஷிம் அதுவரை கண்டதில்லை. அன்று மாலையே ஒப்பமிட்டார். அவ்வலுவலகத்தில் ஒரே நாளில் நிறைவேறிய முதற் காரியம் அதுவே.

இவ்வாறு 'மஹய்யாவ நீர்க்குழாய் எதிர்பார்ப்போர் நற்சங்கம்' உதயமாயிற்று. நாங்கள் அனைவரும் நீலத்துளி பொறித்த டீசேர்ட் அணிந்தோம். குழாய் வாயில் ஒரு துளி காணப்பட்டதென்று செய்தி பரவ, ஊரே திரண்டு தரிசித்தது. அது பனித்துளி என்று தெரிந்த பின்னும் எங்கள் பக்தி குன்றவில்லை.

குழாய் பதித்த ஆண்டு நிறைவன்று காலையில், குழாய்க்கு மாலை சூட்டி, கேக் வெட்டினோம். ஹாஷிம் உரையாற்றினார். தண்ணீரை வழங்கி இந்த ஆனந்தத்தைக் கலைக்க அலுவலகத்துக்கு மனம் வரவில்லை என்றார். கரகோஷம் ஓய நெடுநேரமாயிற்று.

அந்நேரத்தில் கலாராணி வாளிகளுடன் பள்ளத்துக்கு இறங்கினார். பொதுக்குழாயடியில் ஒருவருமில்லை. தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, முதலாளி தம் மணிக்கூட்டைச் சந்தேகித்தார். மஹய்யாவையில் நீருக்கான வரிசை முற்றாக ஒழிக்கப்பட்டதென்று அலுவலகம் மேலிடத்துக்கு அறிவித்தது.

மறுநாள் கலாராணி மீண்டும் அலுவலகத்துக்கு வந்தார். திலக்ஷன் ஆறுதல் உரைக்க வாய் திறந்தார்.

"தண்ணி கேட்டு வரல தம்பி. இந்த விழாவ தினமும் காலையில வைக்க ஏலுமா?"

திலக்ஷனின் கண்கள் பனித்தன. இத்தகைய இரசிகையை அவர் தம் சங்கத்திலும் கண்டதில்லை.

இப்போது கலாராணிதான் எங்கள் செயலாளர். விடிந்ததும் விழா மணியை அவரே அடிக்கிறார். அடித்துவிட்டு வாளிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.